புதிதாக ஆரம்பித்த லீக்கில் ஒரு அணிக்கு முதல் வருடமே சீசன் டிக்கெட் எடுப்பது முட்டாள்தனமா?

உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் ஒரு நடுத்தர ஊரில் இருக்கிறீர்கள், ஊருக்கு என்எஃப்எல் (அமெரிக்க ஃபுட்பாலின் முதன்மை லீக்) அணி கிடையாது, ஏதோ ஒரு புது லீக் வருகிறது, டிக்கெட் விலையைச் சொன்னால் வீட்டில் திட்டு விழும். சரிதானே? நானும் அப்படித்தான் இருந்தேன். எடுத்தேன். சொந்த ஊரில் ஐந்து ஆட்டம் என்று பணம் கட்டி இரண்டைத்தான் பார்த்தேன். இருந்தும் முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2020இல் டபிள்யூடபிள்யூஇ மல்யுத்த நிறுவனத்தின் வின்ஸ் மக்மான், எக்ஸ்எஃப்எல் என்ற அமெரிக்க ஃபுட்பால் லீக்கை இரண்டாவது முறையாகத் தொடங்கினார். 2001இல் அதே பெயரில் தொடங்கி ஒரே சீசனில் மூட்டை கட்டிய லீக். இம்முறை எட்டு அணிகள், ஆளுக்குப் பத்து ஆட்டம். நான் இருக்கும் செயின்ட் லூயிசுக்குக் கிடைத்தது பேட்டில்ஹாக்ஸ், அதாவது போர்ப் பருந்துகள்.

எனக்கு அதுவரை இந்த விளையாட்டில் பெரிய பிடிப்பு இல்லை. இழுத்துவிட்டவர் எதிர்வீட்டுப் பெரியவர். எழுபதைத் தாண்டியவர். ராம்ஸ் என்ற பழைய என்எஃப்எல் அணியின் துண்டு ஒன்று வைத்திருந்தார், புல் வெட்டும் இயந்திரத்தில் எண்ணெய் துடைக்க. அந்தத் துண்டின் கதைதான் இந்த ஊரின் கதை. முதலில் கார்டினல்ஸ் (ஃபுட்பால் கார்டினல்ஸைச் சொல்கிறேன், பேஸ்பால் கார்டினல்ஸ் இங்கேயேதான் இருக்கிறது) 1988இல் அரிசோனாவுக்குப் போனது. அப்புறம் மக்கள் பணத்தில் பெரிய டோம் (கூரை போட்ட மைதானம்) கட்டி 1995இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ராம்ஸை வரவழைத்தார்கள். 2000 ஜனவரியில் என்எஃப்எல் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல்கூட ஜெயித்தது. 2016இல் உரிமையாளர் ஸ்டான் குரோங்கி அணியை மறுபடி லாஸ் ஏஞ்சலஸுக்கே கொண்டுபோய்விட்டார். அணி போன பிறகும் டோமுக்கான கடனை ஊர் கட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு முறை இப்படி ஆன ஊரில் மூன்றாவதாக வரும் அணிக்கு யார் பணம் கட்டுவார்கள்? பெரியவர் கட்டினார். "நீயும் வா" என்றார். போனேன்.

முதல் இரண்டு ஆட்டங்கள் வெளியூரில். டாலஸை 15-9 என்று ஜெயித்து, ஹூஸ்டனிடம் 28-24 என்று தோற்றார்கள். பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை, டோமில் முதல் ஆட்டம், எதிரணி நியூயார்க். அன்றைக்கென்று பார்த்துத் தெரிந்தவர் ஒருவர் வீடு மாற்ற ஆள் கேட்டார். வர முடியாது என்றதற்கு வாட்ஸ்அப் குழுவில், "பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதற்குப் பேர் ஃபுட்பாலாம், அதைப் பார்க்கப் போகிறாராம்" என்று போட்டார். இந்த மனிதருக்கு மூன்று வீட்டுக்கு சோபா தூக்கியிருக்கிறேன், அதில் ஒன்று மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு நாள் ஒரு காபிக்குக் கூப்பிட்டதில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், எழுத வந்துவிட்டது.

அன்று டோமில் 29,554 பேர். மேல்தளத்தை மூடியே வைத்திருந்தார்கள், கீழே இடமில்லை. ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் உதையான கிக்காஃபே புதுசு: உதைப்பவர் மட்டும் தூரத்தில் நிற்க, இரண்டு அணியும் மறுபக்கம் ஐந்து கஜ இடைவெளியில் எதிரெதிரே நிற்கும், பந்தைப் பிடிக்கும்வரை ஒருவரும் அசையக்கூடாது. அப்படி ஒரு கிக்காஃபில், பந்தைப் பிடித்தவர் அதை ஜோ பவல் கையில் கொடுக்க, அவர் எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி ஓடியே போய்விட்டார். அதற்குப் பேர்தான் டச்டவுன். லீக்கில் கிக்காஃபிலிருந்து வந்த முதல் டச்டவுன் அது. பக்கத்தில் இருந்த பெரியவர் என் தோளைப் பிடித்து உலுக்கிய வேகத்தில் கையிலிருந்த சோடா முழுக்க என் மேல்தான். 29-9 என்று ஜெயித்தோம். பருந்து கத்துகிற மாதிரி ரசிகர்கள் போடும் கோஷம் "கக்கா! கக்கா!" தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று பெரியவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.

"என்எஃப்எல் தரத்துக்கு வருமா?" என்று கேட்க யாராவது கிளம்புவீர்கள். வராது, எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜோர்டன் டாமுவை, சீசன் நின்ற கையோடு ஒப்பந்தம் செய்தது அப்போதைய என்எஃப்எல் சாம்பியன் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ். அந்தக் கிக்காஃபைக் கொஞ்சம் மாற்றி என்எஃப்எல்லே 2024இல் எடுத்துக்கொண்டது. கேலி செய்வதற்கு முன் இதையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்த சனிக்கிழமை சியாட்டிலையும் ஜெயித்தோம். வாஷிங்டனில் தோற்றோம். மூன்று வெற்றி, இரண்டு தோல்வி. மார்ச் 21 ஆட்டத்துக்கு டோமின் மேல்தளத்தையும் திறக்கப்போவதாகப் பேச்சு. மார்ச் 12 அன்று கொரோனாவால் சீசன் நின்றது, ஏப்ரலில் லீக்கே திவால் மனு போட்டது. பெரியவர் அன்று தன் வீட்டு வாசலிலும் நான் என் வீட்டு வாசலிலும் நின்று, நடுவே தெருவை வைத்துக்கொண்டு சத்தம் போட்டுப் பேசினோம். "இந்தத் தடவை யாரும் விட்டுவிட்டு ஓடவில்லை, அதுவே போதும்" என்றார்.

நடிகர் டுவைன் ஜான்சனும் கூட்டாளிகளும் அந்த லீக்கை 15 மில்லியன் டாலருக்கு வாங்கி, 2023இல் மீண்டும் நடத்தினார்கள். மார்ச் 12, அதே தேதி, டோமில் 38,310 பேர். இம்முறை மனைவியையும் நான்கு வயது மகனையும் கூட்டிப்போனேன். மறுநாள் காலை ஊரிலிருந்து அம்மா வீடியோ காலில் வந்தார். மகன் சோபா மேல் ஏறி நின்று கையை விரித்து "கக்கா! கக்கா!" என்று கத்தினான்.

"ஏன்டா, பிள்ளையை முதலில் பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார் அம்மா.