பித்தப்பைக் கல்லும் காலை நடையும்

அன்புள்ள ஐயா,

உங்களுக்குப் பித்தப்பை எடுத்த கதையைப் படித்தேன். எனக்கு வயது 44. நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கிற வேலை. நான்கு மாதத்துக்கு முன்பு ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மேல்வயிற்றில் கடுமையான வலி. இரண்டு மணி நேரம் துடிக்க வைத்துவிட்டுத் தானாகவே போய்விட்டது. ஸ்கேனில் பித்தப்பையில் கற்கள் தெரிந்தன. பெரியது 11 மில்லிமீட்டர். அடுத்த மாதமும் அதே வலி. பித்தப்பையை எடுத்துவிடலாம் என்றார் மருத்துவர். எனக்கு ஆபரேஷன் என்றாலே பயம்.

அதனால் உடற்பயிற்சியில் இறங்கிவிட்டேன். தினமும் ஒன்றரை மணி நேரம் வேக நடையும் ஓட்டமும். இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். காலையிலும் ஒன்றும் சாப்பிடுவதில்லை. ஐந்து வாரத்தில் 10 கிலோ குறைந்திருக்கிறது. வலி அதற்குப் பிறகு வரவே இல்லை. இப்படியே தொடர்ந்தால் கல் கரைந்துவிடும் அல்லவா? ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் வெளியே வந்துவிடும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அதையும் செய்து பார்க்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது கல் அல்ல, அந்த 10 கிலோ. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒன்று. நான் மருத்துவன் இல்லை. பித்தப்பையைப் பறிகொடுத்தவன், பறிகொடுத்த பிறகு அதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தவன், அவ்வளவுதான். உங்கள் ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் சொன்னதற்கு எதிராக நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

நீங்கள் ஒரு கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் அதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உடற்பயிற்சி செய்பவர்களுக்குப் பித்தப்பைத் தொல்லை குறைவாக வருமா என்பது ஒன்று. வந்துவிட்ட கல் உடற்பயிற்சியால் போகுமா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில், ஆமாம். இரண்டாவதற்கு, இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் நானும் இரண்டு வருடம் நடந்தேன்.

முதல் கேள்விக்கு நல்ல ஆதாரமே இருக்கிறது. அமெரிக்காவில் 40 முதல் 75 வயதுக்குட்பட்ட சுமார் 45,000 ஆண்களை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, அதன் முடிவை 1998-இல் வெளியிட்டார்கள். எல்லோரும் வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் ஓட்டம் போன்ற பயிற்சி செய்திருந்தால், வலியும் தொந்தரவுமாக வெளிப்பட்ட பித்தப்பைக் கல் நோயில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத் தவிர்த்திருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. அடுத்த ஆண்டே பெண்களைப் பற்றிய முடிவு வந்தது. சுமார் 60,000 செவிலியர்கள், பத்து ஆண்டுகள். அதிகமாக உடலுழைப்பு உள்ளவர்களுக்கு, மிகக் குறைவாக உள்ளவர்களைவிடப் பித்தப்பையை எடுக்க வேண்டிய நிலை சுமார் 30 சதவீதம் குறைவு. அதே ஆய்வில் உங்களுக்காகவே சொன்னதுபோல இன்னொரு தகவலும் இருக்கிறது. வேலையிலும் வண்டி ஓட்டுவதிலுமாக வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு, ஆறு மணி நேரத்துக்கும் குறைவாக உட்கார்ந்தவர்களைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆபத்து. உடல் எடையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்த வித்தியாசம் இருந்தது. அதாவது ஒல்லியாக இருந்துகொண்டு நாள் முழுக்க நாற்காலியில் கிடப்பவரும் தப்பவில்லை.

இவை பலரைக் கவனித்துச் சொன்னவை, சோதித்து நிரூபித்தவை அல்ல. நடக்கிற ஆள் வேறு பல விஷயங்களிலும் ஒழுங்காக இருப்பார் என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் ஏன் இப்படி நடக்கிறது என்பதற்குக் காரணமும் பொருந்தி வருகிறது. கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பகுதியைப் பித்தப்பை வாங்கி, தண்ணீரை உறிஞ்சிச் சுண்ட வைத்து வைத்துக்கொள்கிறது. அந்தப் பை நிரம்பியிருந்தாலே ஐம்பது மில்லிதான் கொள்ளும். பித்தநீரில் கொலஸ்ட்ராலும் இருக்கிறது. அது தண்ணீரில் கரையாத பொருள். பித்த அமிலங்களும் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளும் சேர்ந்துதான் அதைக் கரைசலாகப் பிடித்து வைத்திருக்கின்றன. கொலஸ்ட்ரால் அளவு மீறினாலோ, பை சரியாகச் சுருங்காமல் பித்தநீர் தேங்கினாலோ, பொடிப்பொடியாகப் படிகங்கள் விழும். அது சேறாகி, சேறு கல்லாகிறது. எல்லாக் கல்லும் கொலஸ்ட்ரால் கல் அல்ல. ரத்த அணுக்கள் அதிகமாகச் சிதைகிறவர்களுக்குக் கறுப்புக் கல் வரும். அதற்கும் நடைக்கும் சம்பந்தமில்லை.

உடற்பயிற்சி சரிசெய்வது இந்தக் கொலஸ்ட்ரால் கணக்கைத்தான். இன்சுலினுக்கு உடல் சரியாகப் பணியாதபோது பித்தநீரில் கொலஸ்ட்ரால் கூடுகிறது. தசைகள் வேலை செய்தால் இன்சுலின் ஒழுங்குக்கு வருகிறது, ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு குறைகிறது, குடலும் சுறுசுறுப்பாகிறது. கல் எளிதில் உண்டாகிற ஒரு வகை எலிகளைப் பன்னிரண்டு வாரம் ஓடவைத்துப் பார்த்தபோது, சும்மா இருந்த எலிகளைவிட அவற்றின் பித்தப்பையில் கல் குறைவாகவே இருந்தது. பாவம் அந்த எலிகள்.

கவனியுங்கள், இதெல்லாம் கல் உண்டாகாமல் தடுக்கிற கதை. உண்டான கல்லைப் பற்றி இதில் ஒரு வார்த்தையும் இல்லை. அந்த இரண்டு பெரிய ஆய்வுகளிலும் ஏற்கெனவே பித்தப்பைக் கல் இருந்தவர்களை ஆரம்பத்திலேயே விலக்கிவிட்டார்கள். 11 மில்லிமீட்டர் கல்லை நடை கரைக்காது. ஓட்டம் அதை உலுக்கி வெளியே தள்ளவும் தள்ளாது. அப்படித் தள்ளினால்தான் வம்பு. கல் பித்தநாளத்தில் போய்ச் சிக்கினால் மஞ்சள் காமாலை. கணையத்தின் வாயை அடைத்தால் கணைய அழற்சி. கல் பைக்குள்ளேயே கிடப்பது எவ்வளவோ மேல்.

அப்படியானால் வலி ஏன் நின்றது? உங்கள் இடத்தில் இருந்தவன் என்ற முறையில் இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நாம் சாப்பிட்டதும், முக்கியமாகக் கொழுப்புள்ள உணவு சிறுகுடலுக்கு வந்ததும், அங்கிருந்து ஒரு ஹார்மோன் கிளம்பிப் போய்ப் பித்தப்பையைப் பிழியச் சொல்கிறது. பை சுருங்குகிறபோது கல் பையின் வாயில் போய் அடைத்துக்கொண்டால் வலி. கல் மறுபடி பின்னால் உருண்டு விழுந்தால் வலி போய்விடும். நீங்கள் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினீர்கள், காலையிலும் சாப்பிடவில்லை. பிழியச் சொல்ல ஆள் இல்லை, பை சும்மா இருக்கிறது. நின்றது நடையால் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பட்டினியால் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்று, இந்த வலி இயல்பிலேயே விட்டுவிட்டு வருவது. எனக்கு முதல் வலிக்கும் இரண்டாவது வலிக்கும் நடுவே ஏழு மாத இடைவெளி. அந்த ஏழு மாதத்தில் நான் என்ன செய்திருந்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைத்திருக்கும். தினமும் ஒற்றைக் காலில் நின்றிருந்தால் ஒற்றைக் காலில் நின்றதுதான் மருந்து என்று எல்லோரிடமும் சொல்லியிருப்பேன்.

இப்போது அந்த 10 கிலோ. ஐந்து வாரத்தில் பத்து என்றால் வாரத்துக்கு இரண்டு கிலோ. எடை வேகமாகக் குறைவதே பித்தப்பைக் கல்லுக்கு நன்றாகத் தெரிந்த காரணம். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போனால் ஆபத்து சட்டென்று ஏறுகிறது. உடலில் சேர்த்து வைத்த கொழுப்பு கரையும்போது அதிலிருக்கிற கொலஸ்ட்ரால் எங்கே போகும்? கல்லீரல் அதைப் பித்தநீரில்தான் தள்ளுகிறது. அதே நேரத்தில் நீங்கள் சாப்பிடாமல் இருப்பதால் பை பிழியப்படாமல் பித்தநீர் தேங்கி நிற்கிறது. கொலஸ்ட்ரால் அதிகம், தேக்கமும் அதிகம். கல் வளர்க்க வேண்டும் என்று ஒருவர் திட்டம் போட்டால் இதைத்தான் செய்வார். உடல் பருமனுக்காக வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொள்பவர்களுக்கு எடை மளமளவென்று இறங்குகிற சில மாதங்களில், கல் உண்டாகாமல் தடுக்கிற அர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரை கொடுப்பது இதனால்தான்.

ஆகவே நடையை விடாதீர்கள், பட்டினியை விடுங்கள். மூன்று வேளையும் அளவாகச் சாப்பிடுங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ குறைந்தால் போதும். நடக்கிற ஒன்றரை மணி நேரத்தில் பாதியை எடுத்து, நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதை உடைக்கப் பயன்படுத்துங்கள். மறுபடி சாப்பிட ஆரம்பித்ததும் வலி திரும்பி வரலாம், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வலி இருக்கும்போது நடக்காதீர்கள். நடந்தால் சரியாகிவிடும் என்று ஒருமுறை நான் நள்ளிரவில் வீட்டுக்குள்ளேயே மேலும் கீழும் நடந்திருக்கிறேன், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. வலி ஐந்து மணி நேரத்தைத் தாண்டினாலோ, காய்ச்சல் நடுக்கத்தோடு வந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்து மலம் வெளுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மேல்வயிற்று வலி எல்லாமே பித்தப்பை வலி என்று முடிவுகட்டவும் வேண்டாம். மாரடைப்பும் சில நேரம் அப்படித்தான் வரும்.

அந்த ஆலிவ் எண்ணெய் விஷயம். குடித்த மறுநாள் பச்சையாக, மெழுகு உருண்டைகள் போல மலத்தில் ஏதோ வரும். அதைக் கல் என்று கழுவிப் படம் எடுத்து அனுப்புவார்கள். அப்படி ஒரு பெண்மணி கொண்டுவந்த உருண்டைகளைச் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்து 2005-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். அதில் கொலஸ்ட்ராலும் இல்லை, பித்த நிறமியும் இல்லை. குடித்த எண்ணெயும் சாறும் வயிற்றில் சேர்ந்து உண்டாக்கிய சோப்புக் கட்டி. உங்களைப்போலப் பெரிய கல் வைத்திருப்பவர் ஒரே மூச்சில் அவ்வளவு எண்ணெய் குடித்தால் பை வேகமாகப் பிழியும். அதன் விளைவு உங்களுக்கு இரண்டு முறை தெரியும். நண்பரிடம் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கரைக்கிற மாத்திரை இல்லையா என்று கேட்பீர்கள். மேலே சொன்ன அதே மாத்திரைதான். சுண்ணாம்பு ஏறாத சின்னச்சின்னக் கொலஸ்ட்ரால் கல்லாக இருக்க வேண்டும், பை நன்றாகச் சுருங்க வேண்டும், மாதக்கணக்கில், சிலருக்கு இரண்டு வருடம்வரை சாப்பிட வேண்டும். கரைந்தவர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஐந்து வருடத்துக்குள் மறுபடி வந்துவிடுகிறது. உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரையே கேளுங்கள். எனக்குப் பொருந்தவில்லை.

கல் இருக்கிற எல்லோருக்கும் ஆபரேஷன் வேண்டியதில்லை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரிகிற கற்களில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுக்க வலி தராமலேயே கிடக்கின்றன. அவற்றை விட்டுவைப்பதுதான் வழக்கம். உங்கள் கல் அந்த ரகத்தைத் தாண்டிவிட்டது. ஒருமுறை வலி காட்டியது மறுபடி காட்டுவதற்கே வாய்ப்பு அதிகம். நீங்கள் இரண்டு முறை பார்த்துவிட்டீர்கள்.

பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கேலி செய்ய மாட்டேன், என் பயம்தான் என்னை இரண்டு வருடம் இழுத்தடித்தது. கடைசியில் பை வீங்கிச் சீழ் பிடித்த நிலையில் அவசரமாக எடுக்க வேண்டியதாயிற்று. நிதானமாகத் தேதி குறித்து எடுத்திருந்தால் ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்திருப்பேன், எட்டு நாள் படுத்திருந்தேன். கார்ல் லாங்கன்புக் என்ற மருத்துவர் பெர்லினில் முதன்முதலில் ஒரு மனிதரின் பித்தப்பையை எடுத்தது 1882-இல். வயிற்றில் சிறு துளைகள் போட்டு எடுக்கிற லேப்ராஸ்கோப்பி முறையில் எரிக் மூஹே என்ற மருத்துவர் முதலில் எடுத்தது 1985-இல். இது புதிதாகப் பழகுகிற வித்தை அல்ல. பை இல்லாவிட்டால் பித்தநீர் சேர்த்து வைக்க இடமில்லாமல் கல்லீரலிலிருந்து நேராகக் குடலுக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளக்கமாக இருக்கும். எனக்கும் இருந்தது, இப்போது இல்லை.

உங்கள் நடைக்கு அங்கேயும் வேலை இருக்கிறது. ஆபரேஷன் முடிந்த அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கச் சொல்வார்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்கவும், வயிற்றில் அடைபட்ட காற்று இறங்கவும் அது தேவை. கனமான பொருள் தூக்குவதையும் வயிற்றுப் பயிற்சிகளையும் சில வாரங்களுக்குத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். ஓட ஆரம்பிப்பது எப்போது என்பதை அவர்களே சொல்வார்கள்.

இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து, எடை குறைந்த கணக்கையும் பட்டினியையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.