கொத்தமல்லி இலையில் சவர்க்கார மணம்

கேள்வி: புரியாணியில் கொத்தமல்லி இலை தூவினால் எனக்குச் சவர்க்காரத்தைக் கடித்தது போல இருக்கிறது. மாமியோ "எல்லாம் செல்லம்" என்கிறார். ஆனால் தடிமன் வந்தால் கொத்தமல்லி அவித்த தண்ணீரை மடமடவென்று குடிக்கிறேன். இது எப்படி? பரம்பரையலகுப் பரிசோதனை செய்ய வேண்டுமா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: செல்லம் இல்லை. செடி ஒன்றானாலும் இலையின் மணம் வேறு, விதையின் மணம் வேறு. இலையின் நெடிக்குக் காரணம் டெசனல், டொடெசனல் போன்ற அல்டிகைட்டுகள் என்ற மணமுள்ள வேதிப்பொருட்கள். சவர்க்கார வாசனைகளிலும் இந்த வகைப் பொருட்கள் சேர்க்கப்படுகின்றன. முற்றி உலர்ந்த விதையிலோ லினலூல் என்ற இனிய மணப் பொருள்தான் மேலோங்கும். விதை அரைகுறையாகக் காய்ந்து பச்சை படிந்திருந்தால், அவித்த தண்ணீரிலும் இலை நெடி எட்டிப் பார்க்கும். பழுப்பாக உலர்ந்ததைப் பார்த்து வாங்குங்கள்; அவிக்கும்போது மூடி போடுங்கள், இல்லாவிட்டால் லினலூல் ஆவியோடு போய்விடும்.

மூக்கில் மணத்தைப் பிடிக்கும் புரதங்களே மண வாங்கிகள். மனிதரிடம் இவற்றை ஆக்கும், இயங்கும் பரம்பரையலகுகள் ஏறத்தாழ 400. சவர்க்கார மணத்தை உணர்வோரிடம் 11ஆம் நிறமூர்த்தத்தில் (பரம்பரையலகுகளைத் தாங்கும் இழை) ஒரு குறிப்பிட்ட வேறுபாடு கூடுதலாகக் காணப்படுவதாக 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. அங்கே எட்டு மண வாங்கிப் பரம்பரையலகுகள் நெருங்கி இருக்கின்றன. அவற்றில் அல்டிகைட்டுகளை உணரும் ஓஆர்6ஏ2 என்ற பரம்பரையலகின் மேல்தான் சந்தேகம் அதிகம். ஆனாலும் அந்த வேறுபாடு உள்ள எல்லோருக்கும் சவர்க்காரம் மணப்பதில்லை, பழக்கத்துக்கும் பங்குண்டு. ஆகவே பரிசோதனை வீண் செலவு. உங்கள் மூக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டது.

சமையலில் செய்யக்கூடியது: இறக்கும்போது இலையை நறுக்கித் தூவுவதுதான் உங்களுக்கு ஆகவே ஆகாத முறை. நன்றாக அரைத்துச் சற்று நேரம் வையுங்கள். இலையிலுள்ள நொதியங்களே அல்டிகைட்டுகளைக் குறைத்துவிடும். பிறகு கறியோடு கொதிக்க விட்டால் மிச்ச நெடியும் தணியும். வெறுமனே இரண்டாக வெட்டிப் போட்டால் இந்த மாற்றம் நடக்காது. கொத்தமல்லி இலைக்குப் பதிலாகச் சந்தையில் விற்கும், ஓரத்தில் பல்லுள்ள நீள இலையை வாங்கிவிடாதீர்கள். அதிலும் இதே அல்டிகைட்டு வகைதான். புதினா போதும்.

ஒன்றைக் கவனியுங்கள்: சிறு வயதிலிருந்தே இப்படியென்றால் பயமில்லை. முன்பு பிடித்த இலையும் கோப்பியும் வெங்காயமும் காய்ச்சலுக்குப் பின் திடீரென நாறத் தொடங்கினால் அது வேறு கதை. மண நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள்.