ஷூவில் மூன்று கோடு எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

அடிடாஸில் மூன்று கோடு, பூமாவில் வளைந்த ஒரு பட்டை. இரண்டும் ஷூவின் பக்கவாட்டில் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததா?
– ஈரோடு வாசகர்

இரண்டும் ஒரே பட்டறையில் பிறந்தவை. ஜெர்மனியில் பவேரியா மாநிலத்துச் சிற்றூர் ஹெர்ட்சோகனௌராக். அங்கே ரூடால்ஃப் டாஸ்லரும் தம்பி அடால்ஃபும் 1924-இல் ஷூ கம்பெனி ஒன்றைப் பதிவு செய்தார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஓட்டக்காரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் நான்கு தங்கம் வென்றபோது அவர் காலில் இருந்தது அந்தப் பட்டறையின் ஆணி ஷூ. போருக்குப் பிறகு அண்ணன் தம்பிக்கு ஆகாமல் போயிற்று. ரூடால்ஃப் 1948-இல் பூமாவைத் தொடங்கினார். அடால்ஃப் 1949 ஆகஸ்டில் அடிடாஸைப் பதிவு செய்தார்.

ஒரே இடத்தில் பட்டை வந்ததற்குக் காரணம் தோல். ஓடுகிறவர் சட்டெனத் திரும்பும்போது நடுப்பாதம் ஷூவின் பக்கச் சுவரைத் தள்ளும். மெல்லிய தோல் அதைத் தாங்காது. ஈரம்பட்டால் இன்னும் நீண்டுவிடும். பிறகு லேஸை எவ்வளவு இறுக்கினாலும் உள்ளே கால் வழுக்கும். அதனால் லேஸ் துளைகளிலிருந்து சோல்வரை பட்டை வைத்துத் தைத்தார்கள். லேஸின் இழுப்பு பட்டை வழியாக நேரே சோலுக்குப் போய்விடுவதால் தோல் நீளாது. பட்டைக்கு வேறு நிறம் கொடுத்ததும் மைதானத்தின் மறுகோடியிலிருந்துகூடத் தெரிந்தது, அதுவே அடையாளமாகிவிட்டது. ஃபின்லாந்தின் கார்ஹு நிறுவனமும் மூன்று கோடு போட்டு வந்தது. இன்றைய கணக்கில் சுமார் 1,600 யூரோவும் இரண்டு பாட்டில் விஸ்கியும் கொடுத்து அந்த உரிமையை அடிடாஸ் வாங்கியது என்பது கார்ஹு தரப்பே சொல்லும் வரலாறு. பூமாவின் வளைந்த பட்டை 1958-இல் வந்தது.

இன்றைய ஷூக்களில் பல கோடுகள் வெறும் அச்சு. உங்கள் ஷூவில் எப்படி என்று பாருங்கள்: பட்டையின் மேல்முனை லேஸ் துளைப் பகுதியோடு தைக்கப்பட்டு, கீழ்முனை சோலுக்கு அடியில் போனால் அது இன்னும் வேலை செய்கிற பட்டை.

1954 கால்பந்து உலகக் கோப்பையை ஜெர்மனி வென்றது பூட்ஸால்தான் என்கிறார்களே?
– மதுரை வாசகர்

பூட்ஸால் மட்டும் என்றால் ஆடியவர்களுக்கு அநியாயம். ஜூலை 4, பெர்ன் நகரில் மழை. லீக் ஆட்டத்தில் 8–3 என்று தங்களைத் தோற்கடித்த ஹங்கேரியிடம் மேற்கு ஜெர்மனி எட்டே நிமிடத்தில் 0–2 எனப் பின்தங்கி, 3–2 என வென்றது. அன்று அவர்கள் அணிந்தது அடால்ஃப் டாஸ்லரின் திருகிக் கழற்றும் குமிழ் பூட்ஸ். குமிழ் என்பது தரையைப் பிடித்துக்கொள்ள சோலின் அடியில் துருத்தி நிற்பது. அதற்கு முன் தோலை அடுக்கடுக்காக வைத்து ஆணியடித்த குமிழ்கள்தான். தரை மாறினாலும் உயரத்தை மாற்ற முடியாது, தேயத் தேய ஆணி உள்ளங்காலைக் குத்தும். திருகுகுமிழ் என்றால் சேற்றுக்கு நீளமானதை மாட்டிக்கொள்ளலாம். 1952-லேயே செய்துவிட்டோம் என்று பூமா உரிமை கொண்டாடுகிறது. அந்தச் சண்டை தீரவில்லை.

இன்று குமிழின் உயரம் பொதுவாக முன்னால் 11, குதிகாலில் 13 மில்லிமீட்டர் வரும். நம் ஊர்க் காய்ந்த மண் தரையில் இதைப் போடாதீர்கள். குமிழ் மண்ணில் இறங்காமல் மேலேயே நிற்கும், கணுக்கால் பிசகும். மாட்டும்போது முதலில் கையாலேயே திருகி, மரை நேராக ஏறுகிறதா என்று பார்த்த பிறகுதான் குமிழை இறுக்கும் சாவியைத் தொட வேண்டும். கோணலாக ஏறினால் சோலில் உள்ள மரை போய்விடும். அந்த ஷூவும் போயிற்று.

எங்கள் நிட்டிங் யூனிட்டில் 'லக்கோஸ்ட்' என்று ஒரு துணி ரகமே இருக்கிறது. அந்த கம்பெனி கண்டுபிடித்ததா?
– திருப்பூர் வாசகர்

பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லக்கோஸ்ட், நீளக்கை வெள்ளைச் சட்டையோடு ஆடும் வழக்கத்தை விட்டு, 1920-களில் அரைக்கைப் பின்னல் சட்டைக்கு மாறினார். 1933-இல் பின்னலாடைத் தொழிலதிபர் ஆந்த்ரே ஜில்லியேவோடு கம்பெனி தொடங்கி, பிக்கே எனப்படும் மேடு பள்ளப் பின்னல் துணியில் சட்டை விற்றார். உங்கள் ரகத்துக்கு வந்தது அவர் பெயர்தான். முதலை அவருடைய பட்டப்பெயர்.

துணியின் சூட்சுமம் டக் பின்னல்தான். பழைய கண்ணியை விடாமல் ஊசி புது நூலையும் பிடித்துக்கொள்வதுதான் டக். சிங்கிள் லக்கோஸ்டில் முதல் வரிசையில் ஓர் ஊசி பின்ன, அடுத்த ஊசி டக். இரண்டாம் வரிசை முழுப் பின்னல். மூன்றாவதில் டக் பக்கத்து ஊசிக்கு மாறும், நான்காவது மறுபடி முழுப் பின்னல். இப்படி டக் விழுவதால் துணியில் மேடு பள்ளம் உண்டாகிறது. அது வியர்த்த உடம்போடு ஒட்டாது. அந்த மேடு பள்ளம் துணியின் பின்பக்கத்தில்தான் நன்றாகத் தெரியும். அதைத்தான் சட்டைக்கு வெளிப்பக்கமாகத் திருப்புகிறோம்.

இந்தத் துணி அகலத்தில் விரிந்து நிற்கும் என்பதால் துவைத்தால் சுருங்கிச் சங்கடம் தரும். காம்பேக்டிங், அதாவது துணியை முன்கூட்டியே நெருக்கிச் சுருக்கும் வேலை, சரியாகச் செய்யாத துணியை வெட்டக் கூடாது. காலர் வேறு மெஷினில் தனியாகப் பின்னி வருவது. அதன் சுருக்கமும் உடல் துணியின் சுருக்கமும் வேறு வேறாக இருந்தால் முதல் துவைப்பிலேயே காலர் அலை அலையாக நெளியும். தைப்பதற்கு முன் இரண்டிலும் ஒவ்வொரு துண்டைத் துவைத்து அளந்துவிடுவது நல்லது.

நைக்கியின் டிக் அடையாளத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?
– திருச்சி வாசகி

35 டாலர். 1971-இல் வரைந்தவர் கரோலின் டேவிட்சன், போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக மாணவி. 1983-இல் நிறுவனம் அவரை அழைத்து மோதிரமும் பங்குகளும் கொடுத்தது. செய்ய வேண்டியதைத் தாமதமாகவேனும் செய்தார்கள்.

பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்த நல்ல கம்பெனி ஷூ, எடுத்துப் போட்ட அன்றே சோல் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. போலியா?
– நாகப்பட்டினம் வாசகர்

அசல்தான் இப்படி உதிரும் என்றுகூடச் சொல்லலாம். பல உயர்ரக ஷூக்களின் நடுச்சோல், அதாவது மேல்பகுதிக்கும் அடிச்சோலுக்கும் நடுவிலுள்ள மெத்தை, பாலியூரித்தேன் நுரை. காற்றின் ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது. வெயிலும் கடலோர ஈரமும் அதை வேகப்படுத்தும். போடாமல் வைத்ததால் காப்பாற்றியதாக ஆகாது. அவ்வப்போது அணிந்து நடந்தால் நுரையிலுள்ள ஈரம் வெளியேறும். பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும்.

பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு வெளியே போகுமுன் கட்டைவிரலால் நடுச்சோலை அழுத்துங்கள். விரல் பதிந்த இடம் விரிசல் விட்டாலோ பிசுபிசுத்தாலோ அது முடிந்தது. பசையால் பயனில்லை, சோலையே மாற்ற வேண்டும். நுரை கெட்டியாக இருந்து ஒட்டு மட்டும் விட்டிருந்தால் பிழைக்கும். பழைய பசையை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, துடைத்து, ஷூவுக்கான பாலியூரித்தேன் பசையை இரு பக்கமும் மெல்லியதாகப் பூசி, 10 முதல் 15 நிமிடம் காயவிடுங்கள். பிறகு ஹேர் டிரையரால் சூடேற்றி, அழுத்திச் சேர்த்து, கயிறு சுற்றி ஒரு நாள் முழுக்க வையுங்கள். ஈரப்பசையோடு உடனே ஒட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. உள்ளே சிக்கிய கரைப்பான் வெளியேற வழியில்லாமல் ஒட்டு மறுவாரமே விட்டுவிடும்.