ரைஃபிளுக்கு நெடுநாள் உழைக்கும், ஜீரோ நகராத ஸ்கோப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஸ்கோப்பைக் கையில் வாங்கியதும் எல்லோரும் அதை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, தூரத்து எழுத்து எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்றுதான் பார்ப்பார்கள். இன்று குறைந்த விலை ஸ்கோப்பில்கூடப் பகல் வெளிச்சத்தில் படம் நன்றாகவே தெரியும். பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பியனுப்பிவிடும். எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு இருந்தால் அந்த இழப்பு அரை சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். அந்தி வெளிச்சத்தில் சுடுபவருக்கு இது முக்கியம். ஆனால் ஜீரோ (குறிபார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி செய்துவைத்த அமைப்பு) நகர்வதற்கும் கண்ணாடிக்கும் அநேகமாகச் சம்பந்தமே இல்லை. ஸ்கோப் கெடுவது அதன் இயந்திரப் பகுதியில்தான்.

வெளிக்குழலுக்குள் எரெக்டர் என்ற சிறு குழல் ஒன்று இருக்கிறது. தலைகீழாக விழும் படத்தை நிமிர்த்தும் வில்லைகளும் ஜூம் அமைப்பும் அதற்குள்தான். அதன் பின்முனை கீல் போல அசையும்படி பொருத்தப்பட்டிருக்கும். முன்பகுதியை மேலிருந்து ஒரு டரட் (குண்டு விழும் இடத்தைத் திருத்தும் குமிழ்) திருகும் பக்கவாட்டிலிருந்து இன்னொன்றும் அழுத்த, எதிர்ப்பக்கத்திலிருந்து ஸ்பிரிங் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் திருப்பும் ஒவ்வொரு கிளிக்கும் இந்தச் சிறு குழலை மயிரிழை அளவு நகர்த்துகிறது. துப்பாக்கி உதைக்கும்போது அதே குழல் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். வெளிக்குழல் அதை வெடுக்கென்று இழுக்கும். ஸ்பிரிங் வலுவில்லாமலோ திருகின் மரை தேய்ந்தோ இருந்தால், ஒவ்வொரு குண்டுக்குப் பின்பும் குழல் கொஞ்சம் வேறு இடத்தில் போய் உட்காரும்.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. நான்கு கிளிக் திருப்புகிறீர்கள், குண்டு விழும் இடம் மாறவில்லை. இன்னும் இரண்டு குண்டு சுட்டதும் திடீரென்று மாறுகிறது. டரட்டைத் திருப்பிவிட்டு விரல் முட்டியால் தட்டும் பழக்கம் சிலரிடம் இருப்பது இதனால்தான். தட்டினால்தான் நகரும் ஸ்கோப்பை வைத்திருக்க வேண்டாம். டரட் அதன் எல்லைக்குப் பக்கத்தில் போய் நின்றாலும் திருத்தம் சீராக வராது. ஜீரோ செய்து முடிக்கும்போது டரட் ஏறத்தாழ நடுவில் இருக்க வேண்டும். நெடுந்தூரம் சுட மேல்திருத்தம் போதவில்லை என்றால் 20 எம்ஓஏ (கோண அளவு, 1 எம்ஓஏ என்பது 100 மீட்டரில் சுமார் 2.9 செமீ) சாய்வுள்ள ரயில், அதாவது ஸ்கோப்பைத் துப்பாக்கிமேல் பொருத்தும் பட்டை, போடுங்கள். டரட்டைக் கடைசிவரை முறுக்காதீர்கள்.

ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வெடிமருந்துத் துப்பாக்கி பெரும்பாலும் பின்னோக்கித்தான் உதைக்கும். ஸ்பிரிங் பிஸ்டன் ஏர் ரைஃபிள் முதலில் பின்னுக்கு வந்து, பிஸ்டன் முன்னே போய் முட்டி நிற்கும்போது முன்னுக்கும் குதிக்கும். பின்னுதைப்பை மட்டும் மனதில் வைத்துச் செய்த ஸ்கோப், பெரிய துப்பாக்கியில் ஆண்டுக்கணக்கில் தாங்கியதாக இருந்தாலும், இதில் சீக்கிரமே குறுக்கிழை அறுந்தோ உள்ளே வில்லை கழன்றோ போகலாம். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் தெளிவாக எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். காற்றை முன்பே அடைத்துவைக்கும் பிசிபி ரகத்தில் உதைப்பு மிகக் குறைவு என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது உருப்பெருக்கம். 3-9×40 ஸ்கோப்பில் (உருப்பெருக்கம் 3 முதல் 9 மடங்கு, முன்வில்லை 40 மிமீ) ஜூம் விகிதம் 3 மடங்குதான். 8 மடங்கு விகிதம் என்றால் உள்ளே வில்லைகள் அதிகம், அவை ஓடும் பாதைகள் நுணுக்கம், பிசகு வர வாய்ப்பும் அதிகம். நல்ல தொழிற்சாலைகள் அதையும் உறுதியாகச் செய்கின்றன, ஆனால் அதற்கு விலை உண்டு. அதே காசுக்கு 3-9 ஒன்றும் 4-32 ஒன்றும் கிடைத்தால், இரண்டாவதில் எங்கேயோ சிக்கனம் பிடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். எடையும் இதில் சேரும்: உதைப்பின்போது ரிங்குகள் (ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்கள்) மேல் விழும் இழுப்பு ஸ்கோப்பின் எடைக்கு ஏற்பக் கூடும். 100 மீட்டர் வரை சுட 9 மடங்கு தாராளம். முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 40 மிமீ வில்லை 8 மடங்கில் 5 மிமீ. அந்தியில் அதுவே போதும். அதே வில்லையில் 20 மடங்கு வைத்தால் 2 மிமீதான், படம் இருண்டுவிடும்.

குறுக்கிழை கண்ணாடியில் செதுக்கியதாக இருக்கட்டும். கம்பியில் செய்ததும் உழைக்கும், ஆனால் கடும் உதைப்பில் அறுவது அதுதான். குறுக்கிழை முதல் குவியத்தளத்திலா (ஜூமோடு அதுவும் பெரிதாகும்) இரண்டாவதிலா (மாறாது) என்பது உழைப்பைப் பாதிக்காது. குறுக்கிழையிலுள்ள கோடுகளை வைத்துத் தூரத்துக்குத் திருத்தம் பிடிப்பவருக்கு முதலாவது. எல்லா ஜூமிலும் ஒரே தடிமனில் கோடு வேண்டும் என்பவருக்கு இரண்டாவது.

நீர் புகாத தன்மைக்கு ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். உள்ளே நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்புவது ஈரக் காற்றை வெளியேற்றத்தான். ரப்பர் வளையம் ஒன்று கசிந்தாலும் அந்த வாயு போய்விடும், பிறகு குளிரில் உட்பக்கம் பனி படரும். நீர் புகாது என்று உத்தரவாதம் உள்ள ஸ்கோப்பை மூடிகளைப் போட்டு வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் முக்கிப் பாருங்கள். ஜூம் வளையத்தின் வெளி இடுக்கிலிருந்து தொடக்கத்தில் நான்கைந்து குமிழி வருவது சகஜம். ஒரே இடத்திலிருந்து தொடர்ந்து சரமாக வந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இனி ரிங்குகளும் அடித்தளமும். ஸ்கோப்மேல் விழும் பழியில் பெரும்பங்கு உண்மையில் இவற்றுக்குச் சேர வேண்டியது. முதலில் ரயில் எது என்று பாருங்கள். வீவர் ரயிலின் பள்ளம் 4.6 மிமீ அகலம், பிக்காட்டினியுடையது 5.2 மிமீ. வீவர் ரிங் பிக்காட்டினியில் உட்காரும். பிக்காட்டினி ரிங்கின் குறுக்குப் போல்ட் வீவர் பள்ளத்தில் பெரும்பாலும் இறங்காது. ஏர் ரைஃபிள்களில் பெரும்பாலும் 11 மிமீ புறாவால் பள்ளம்தான் இருக்கும். அதில் ரிங் வழுக்கிப் பின்னால் நகரும் என்பதால், ரயில் துளைக்குள் இறங்கும் நிறுத்து ஊசி உள்ள மவுண்ட் அவசியம்.

வேலையைத் தொடங்குமுன் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதி செய்து துப்பாக்கியின் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் பாகம்) வெளியே எடுத்துவிடுங்கள். ரயில் திருகுகளையும் துளைகளையும் எண்ணெய்ப் பசை போக ஸ்பிரிட்டால் துடைத்து, நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு மட்டும் இட்டு இறுக்குங்கள். சிவப்புப் பசை வேண்டாம், பிறகு கழற்றச் சூடு காட்ட வேண்டிவரும். பிக்காட்டினியில் ரிங்கை வைத்ததும் முன்பக்கம் தள்ளி, குறுக்குப் போல்ட் பள்ளத்தின் முன்சுவரைத் தொடும்படி வைத்து முறுக்குங்கள். துப்பாக்கி பின்னால் போகும்போது ஸ்கோப் முன்னால் நகரப் பார்க்கும். இடைவெளி இருந்தால் ஒவ்வொரு குண்டுக்கும் அது கொஞ்சம் ஓடும்.

மேல்மூடித் திருகுகளுக்குச் சாதாரணமாக 15 முதல் 18 இஞ்ச்-பவுண்டு, அதாவது 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் போதும். ரிங் தயாரிப்பாளர் வேறு அளவு சொன்னால் அதுதான் கணக்கு. கை உணர்வை நம்பி முறுக்குபவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் முறுக்கிவிடுகிறார்கள். அலுமினியக் குழல் நசுங்கினால் உள்ளே எரெக்டர் உரசும், ஜூம் கனக்கும், பாரலாக்ஸ் குமிழ் (தலை அசைந்தால் குறுக்கிழை இலக்கின்மேல் நகராதபடி தூரத்துக்குச் சரிசெய்வது) சிக்கும். முறுக்கு அளவைக் காட்டும் டார்க் (torque) ஸ்குரூடிரைவர் ஒன்று வாங்கும் செலவு இதில் கண்டிப்பாகத் தகும். நான்கு திருகுகளையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, இரு பக்க இடைவெளியும் சமமாக வரும்படி பாருங்கள். டரட் புடைப்பை ஒட்டியும் ஜூம் வளையத்தை ஒட்டியும் ரிங் இருக்கக் கூடாது. ஸ்கோப் சாய்வில்லாமல் இருக்கட்டும்: 3 டிகிரி சாய்ந்தால், 100 செமீ மேல்திருத்தம் தேவைப்படும் தூரத்தில் குண்டு பக்கவாட்டில் 5 செமீ விலகும்.

வாங்கியதும், திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள், ஒரு சோதனை செய்துவிடுங்கள். 100 மீட்டரில் உயரமான அட்டை ஒன்றில் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாகக் கோடு போடுங்கள். அடியில் ஒரு புள்ளி வைத்து, ஜீரோவில் மூன்று குண்டு சுடுங்கள். 0.1 மில் (இதுவும் கோண அளவு) டரட் என்றால் 50 கிளிக் மேலே திருப்பி, அதே புள்ளியைக் குறிபார்த்து மூன்று சுடுங்கள். ஒரு கிளிக் 1 செமீ, ஆக இரண்டு கூட்டங்களின் மையங்களுக்கும் இடையே 50 செமீ இருக்க வேண்டும். கால் எம்ஓஏ டரட்டில் 80 கிளிக்குக்கு 58 செமீ. பிறகு 50 கிளிக்கும் இறக்கி மறுபடி மூன்று. ஏற்றி இறக்குவதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். 50-க்கு 51 வந்து, ஒவ்வொரு முறையும் அதே 51 வந்தால் பொறுத்துக்கொள்ளலாம், கணக்கில் சேர்த்துவிடலாம். ஒருமுறை 49, அடுத்தமுறை 52 என்றாலோ, ஜீரோவுக்குத் திரும்பாவிட்டாலோ ஸ்கோப் வேண்டாம். குண்டுக் கூட்டம் கோட்டைவிட்டு ஒரே பக்கமாகச் சாய்ந்து ஏறினால் அது பொருத்திய சாய்வு, ஸ்கோப்பின் குற்றமில்லை.

ரெட் டாட் (குறுக்கிழைக்குப் பதில் ஒளிப்புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவி) வாங்குபவர்களுக்குச் சுருக்கமாக: ஒளிவிடும் பகுதி முழுக்க மூடிய குழாய்க்குள் இருப்பதே மழைக்கும் தூசிக்கும் நல்லது. திறந்த ரகத்தில் ஒரு துளி நீர் விழுந்தாலே புள்ளி சிதறும். புள்ளி நட்சத்திரம் போலத் தெரிந்தால் ஃபோன் கேமராவால் பாருங்கள். அதில் வட்டமாக இருந்தால் உங்கள் கண்ணில் சிதறல் பார்வை (அஸ்டிக்மாட்டிசம்) இருக்கலாம், கருவியை மாற்றி பயனில்லை.

எந்த நிறுவனம் என்ற கேள்விக்கு நான் பெயர் சொல்வதில்லை. ஒரே பெயரில் மூன்று நான்கு தரங்களில் விற்கிறார்கள். அடித்தட்டு மாடலின் உள்ளமைப்புக்கும் மேல்தட்டுக்கும் சம்பந்தம் இருக்காது. உத்தரவாதத்தில் எரெக்டரும் டரட்டும் சேருமா, உங்கள் துப்பாக்கி வகை விலக்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

ஏற்கெனவே ஜீரோ நகரும் ஸ்கோப் கையில் இருந்தால், புதிது வாங்குமுன் ரிங்குக்கும் குழலுக்கும் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு கிழித்துவிட்டுச் சுடுங்கள். கோடு பிரிந்தால் ரிங் வழுக்குகிறது. பிரியாவிட்டால் ரயில் திருகுகளையும் துப்பாக்கிக் கட்டையைப் பிடிக்கும் போல்ட்டுகளையும் பாருங்கள். அதன்பின் ரைஃபிளை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, தொடாமல் தலையை மட்டும் அசைத்துப் பாருங்கள். குறுக்கிழை இலக்கின்மேல் நகர்ந்தால் அது பாரலாக்ஸ்: பக்கக் குமிழ் இருந்தால் தூரத்துக்குச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் கன்னத்தை ஒரே இடத்தில் பதிக்கப் பழகுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் குண்டு அலைந்தால், நன்றாக இயங்குவது தெரிந்த வேறொரு ஸ்கோப்பை அதே ரிங்கில் போட்டு, அதே தொகுதித் தோட்டாவால் பத்துக் குண்டு சுடுங்கள். அதுவும் அலைந்தால் கோளாறு துப்பாக்கிக் குழாயிலோ கட்டையிலோ தோட்டாவிலோ இருக்கிறது.