இழுத்த கையைக் குழந்தை தூக்க மறுக்கிறதா?

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது. போன வாரம் படியேறும்போது அவளுக்குக் கால் இடறியது. விழுந்துவிடக் கூடாதே என்று இடது கையைப் பிடித்து வெடுக்கென்று மேலே இழுத்தேன். வீறிட்டு அழுதாள். அப்புறம் அந்தக் கையைத் தூக்கவே இல்லை. வீக்கமும் இல்லை. மருத்துவர் எக்ஸ்-ரே கூட எடுக்காமல், கையைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பினார். சிறிது நேரத்தில் சரியாகிவிட்டது. எக்ஸ்-ரே எடுக்காதது சரிதானா? மறுபடி இப்படி ஆனால் நானே திருப்பிவிடலாமா? என்னால்தானே இப்படி ஆனது என்று மனசு கேட்கவில்லை.

பதில்: கடைசியில் சொன்னதற்கு முதலில் பதில் சொல்கிறேன். விழப்போகும் குழந்தையின் கையைப் பிடித்து இழுக்காத பெற்றோர் உண்டா? நீங்கள் அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தீர்கள். அந்த வருத்தத்தை விட்டுவிடுங்கள்.

உங்கள் மகளுக்கு வந்ததை ‘புல்டு எல்போ’ என்போம். முன்கையில் இருக்கும் இரண்டு எலும்புகளில் கட்டைவிரல் பக்கம் இருப்பது ஆர எலும்பு. முழங்கை அருகே அதன் தலைப்பகுதியைச் சுற்றி ஒரு தசைநார் வளையம்போல் பிடித்திருக்கும். சின்ன வயதில் இந்தப் பிடிப்பு அவ்வளவு உறுதியாக இருக்காது. கை நீண்டிருக்கும்போது சட்டென்று இழுத்தால் வளையம் நழுவி, கதவிடுக்கில் மாட்டிக்கொண்ட துணிபோல மூட்டுக்குள் சிக்கிவிடும். எலும்பு முறிவதில்லை. 1 முதல் 4 வயது வரைதான் இது அதிகம். 5 வயதுக்கு மேல் நார் தடித்து உறுதியாகிவிடுவதால் அரிது.

கையைப் பிடித்துச் சுற்றி விளையாடுவது, சட்டைக்குள்ளிருந்து கையை இழுத்து எடுப்பது, அடம்பிடித்துக் கீழே உட்காரும் குழந்தையைக் கையைப் பிடித்தே எழுப்புவது, எல்லாவற்றிலும் இது நடக்கலாம். கைக்குழந்தை புரளும்போது உடலுக்கடியில் கை மாட்டிக்கொண்டும் வருவதுண்டு.

கையை வைத்திருக்கும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். கை உடலோடு ஒட்டித் தொங்கும். முழங்கை லேசாக மடங்கியிருக்கும், உள்ளங்கை பின்பக்கம் பார்த்திருக்கும். முதல் அழுகை சீக்கிரம் அடங்கி, குழந்தை விளையாடக்கூடத் தொடங்கிவிடும். ஆனால் பொம்மையை நீட்டினால் மற்ற கையால்தான் வாங்கும். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் பல குழந்தைகள் மணிக்கட்டைக் காட்டும். சுளுக்கு என்று நினைத்து வீட்டில் நீவ ஆரம்பிப்பது இதனால்தான். தயவுசெய்து வேண்டாம்.

எக்ஸ்-ரே விஷயத்தில் உங்கள் மருத்துவர் செய்தது சரிதான். கையை இழுத்த பிறகு தொடங்கியது, வீக்கம் இல்லை, எலும்பை அழுத்தினால் தனியாக வலி இல்லை என்றால் படம் தேவைப்படாது. எடுத்தாலும் பெரும்பாலும் இயல்பாகவே தெரியும். சில சமயம் படம் எடுப்பதற்காக உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும்போதே மூட்டு சரியாகிவிடுவதும் உண்டு.

சிகிச்சை சில நொடிகள்தான். முழங்கையைத் தாங்கிப் பிடித்து, உள்ளங்கை கீழே பார்க்கும்படி முன்கையை நன்றாக உள்பக்கம் திருப்புவது ஒரு முறை. உள்ளங்கையை மேலே திருப்பி முழங்கையை மடக்குவது இன்னொன்று. முதல் முயற்சியிலேயே பலன் தருவதில் முந்தையதுதான் மேல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ‘க்ளிக்’ என்று விரலுக்குத் தெரியும். குழந்தை ஒரு கணம் அழும். பெரும்பாலும் பத்து, பதினைந்து நிமிடத்தில் அந்தக் கையாலேயே எதையாவது எடுக்கும். பல மணி நேரம் தாமதமாக வந்திருந்தால் கை பழைய நிலைக்கு வரவும் கொஞ்சம் நேரமாகும். கட்டுப் போடத் தேவையில்லை. இரண்டு மூன்று முயற்சிக்குப் பிறகும் கையை அசைக்காவிட்டால் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது எக்ஸ்-ரே அவசியம்.

நீங்களே திருப்பலாமா? இப்போதைக்கு வேண்டாம். திருப்புவது கஷ்டம் என்பதற்காகச் சொல்லவில்லை. அது புல்டு எல்போதான் என்று உறுதியாகத் தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். முறிந்த கையைத் திருப்பினால் நரம்பும் ரத்தக்குழாயும் பாதிக்கப்படலாம். அடிக்கடி திரும்ப வரும் குழந்தைகளின் பெற்றோருக்கு மருத்துவரே நேரில் கற்றுக்கொடுப்பதுண்டு. அதுவரை, கை எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க விட்டு, வலிக்கு எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமால் கொடுத்து, அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

கையை ஊன்றி விழுந்ததா, இல்லை இழுபட்டதா என்பதுதான் நான் எப்போதும் முதலில் கேட்கும் கேள்வி. விழுந்திருந்தால் முழங்கைக்கு மேல் எலும்பு முறிந்திருக்கலாம். வீக்கம், கோணல், விரல்கள் வெளிறிச் சில்லிட்டுப் போவது, விரலை அசைக்க முடியாமல் போவது, இதில் எது இருந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு கையை அசைக்க மறுத்தாலும் தாமதிக்கக் கூடாது. அது மூட்டில் கிருமித் தொற்றாக இருக்கலாம்.

ஒருமுறை வந்த குழந்தைகளில் ஏறக்குறைய நான்கைந்து பேரில் ஒருவருக்கு மறுபடி வரலாம். அதனால் மூட்டுக்கு நிரந்தரக் கெடுதல் எதுவும் இல்லை. வீட்டில் அவளைப் பார்த்துக்கொள்ளும் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்: தூக்குவதென்றால் அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் பிடித்துத்தான் தூக்க வேண்டும். சட்டை மாட்டும்போது கையை இழுக்காமல் துணியை இழுங்கள். அதற்காகப் பயந்துபோய் சாலையில் அவள் கையைப் பிடிக்காமல் இருந்துவிடாதீர்கள்.