ஊராட்சிக்கு வரும் மத்திய நிதி: தலையை மட்டும் எண்ணினால் போதுமா?

உள்ளாட்சி மானியம் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். மத்திய, மாநில, உள்ளாட்சிகளுக்கிடையே நிதியை எப்படிப் பிரிப்பது என்று பரிந்துரைப்பது நிதிக்குழு; இங்கே சொல்லும் கணக்கும் விதியும் 15வது நிதிக்குழுவின் 2021-26 காலத்தவை. அந்த ஐந்தாண்டுக்கு நாட்டின் உள்ளாட்சிகளுக்கென்று அது பரிந்துரைத்தது 4,36,361 கோடி ரூபாய், அதில் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எங்கள் ஊர். கம்பெனிகள் வந்தபின் லைன் வீடுகள் பெருகி ஆட்கள் இரண்டு மடங்காகிவிட்டார்கள். நிதி மட்டும் பழைய கணக்கிலேயே வருகிறது. இது நியாயமா?

நியாயம் இல்லை, ஆனால் விதிப்படி சரி. மாநிலங்களுக்கிடையே இந்த மானியத்தைப் பிரிக்க மக்கள்தொகைக்கு 90 சதவீதம், பரப்பளவுக்கு 10 சதவீதம் என்று வைத்தார்கள். மாநிலத்துக்குள்ளே மாநில நிதி ஆணையம் சொல்கிறபடி பிரிக்கலாம், அப்படி எதுவும் இல்லையென்றால் இங்கேயும் அதே 90:10தான். மக்கள்தொகை என்றால் 2011 கணக்கு. 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டதால், நீங்கள் சொல்லும் அந்த இரண்டாவது மடங்கு ஆட்கள் காகிதத்தில் இன்னும் பிறக்கவே இல்லை. குப்பை போடுகிறவர் எந்த ஊர் ரேஷன் கார்டு வைத்திருக்கிறார் என்று பார்த்தா தூய்மைக் காவலர் அள்ளுகிறார்?

கணக்கெடுப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வீட்டு மின் இணைப்பு எத்தனை, வரி விதிக்கப்பட்ட வீடு எத்தனை என்பது வருஷா வருஷம் தெரிகிற எண்கள். மாநில நிதி ஆணையம் நினைத்தால் அவற்றைச் சூத்திரத்தில் சேர்க்கலாம். அப்புறம், உங்களுக்குக் கசப்பான ஒன்றும் சொல்கிறேன்: ஆலைகளிடமிருந்து சொத்து வரியும் தொழில் வரியும் உங்கள் ஊராட்சிக்கு வருகின்றன, பக்கத்து விவசாய ஊருக்கு அது கிடையாது. தேவையை எண்ணச் சொன்னால் வருமானத்தையும் எண்ணித்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் வீட்டு வரியைச் சரியாக வசூலிக்காத ஊருக்கு நிதி கூடுமே, ஒழுங்காக வசூலித்தவன் ஏமாளியா?

வசூலித்த தொகையை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் ஆகும். அதனால் எவ்வளவு வசூலித்தார்கள் என்பதை விட்டுவிட்டு, அந்த ஊரில் எவ்வளவு வசூலிக்க முடியும் என்பதைப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1933-ல் அமைந்த மானிய ஆணையம் மாநிலங்களுக்குப் பணம் பிரிக்கும்போது இப்படித்தான் மதிப்பிடுகிறது, சராசரி வரி போட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்று. சோம்பேறிக்குக் கூடுதலும் இல்லை, உழைத்தவனுக்கு வெட்டும் இல்லை.

எங்கள் மலை ஊராட்சியில் ஜனம் குறைவு, குக்கிராமங்கள் நிறைய. தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் எப்படிக் கட்டும்?

கட்டாது. 200 வீடு ஒரே இடத்தில் இருந்தால் ஒரு தொட்டி, ஒரு மோட்டார். அதே 200 வீடு பன்னிரண்டு குக்கிராமமாகச் சிதறிக் கிடந்தால் பன்னிரண்டு மோட்டார், பன்னிரண்டு கரண்ட் பில், ரிப்பேருக்கு ஆள் மேலே ஏறி வர ஒரு நாள். பரப்பளவுக்குக் கொடுக்கும் 10 சதவீதம் இதைத் தொடவே தொடாது.

தமிழ்நாட்டுக்கு இது புதுப் பாடம் இல்லை. 2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் சின்னது பெரியது என்று பார்க்காமல் ஊராட்சிக்கு 20 லட்சம் கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே தொகை என்பது கேட்க நன்றாக இருந்தது. ஆனால் நிறைய குக்கிராமம் உள்ள ஊராட்சியில் கடைசி குடியிருப்புக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. 2011-ல் வந்த ‘தாய்’ திட்டம் அதனால்தான் ஊராட்சியை விட்டுக் குடியிருப்பை அலகாக எடுத்தது. ஆட்சி மாறியது, திட்டத்தின் பெயர் மாறியது, அதெல்லாம் இருக்கட்டும். குடியிருப்பை எண்ணும் அந்த யோசனை மட்டும் மத்திய நிதிச் சூத்திரத்துக்குப் போகவே இல்லை.

குடிநீர், சுகாதாரத்துக்கே 60 சதவீதம் என்கிறார்கள். எங்களுக்குத் தண்ணீர் பிரச்சினை இல்லை, தெருவிளக்குதான் வேண்டும்.

அந்த 60-ல் பாதி குடிநீருக்கு, பாதி சுகாதாரத்துக்கு, அதாவது கழிப்பறை, குப்பை போன்ற துப்புரவுக்கு. ஒன்றில் தேவை முழுக்கத் தீர்ந்துவிட்டால் அந்தப் பணத்தை மற்றதற்குத் திருப்பலாம், தெருவிளக்குக்குத் திருப்ப முடியாது. விளக்கை மீதி 40-ல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். குடிநீருக்கு ஒரு பங்கைக் கட்டாயமாக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, 60 என்பதுதான் அதிகம். இதைவிடக் கோளாறான இடம் வேறு. கட்டுப்பாடில்லாத அந்த 40-லிருந்தும் சம்பளமோ நிர்வாகச் செலவோ கொடுக்கக் கூடாது. தொட்டி கட்டக் காசு உண்டு, தொட்டியை இயக்குபவரின் சம்பளத்துக்கு வேறு எங்காவது கை நீட்ட வேண்டும்.

தேர்தல் நடக்கவில்லை என்று மானியத்தை நிறுத்துகிறார்களே, ஜனங்கள் என்ன தப்பு செய்தார்கள்?

ஒன்றும் செய்யவில்லை. 2016 அக்டோபரிலிருந்து 2020 ஜனவரி வரை (ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபர் வரை) தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே இல்லை, மத்திய மானியமும் நின்றது. 2019 டிசம்பர் தேர்தலில் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும், அந்த ஊராட்சிகளுக்கு மறுபடி அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் வந்தார்கள். நிபந்தனையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அது இல்லாவிட்டால் அதிகாரிகளை வைத்தே காலத்தை ஓட்டிவிடுவார்கள். ஆனால் தேர்தலைத் தள்ளிப்போடுவது மேலே இருப்பவர்கள், குழாய் வறண்டு போவது கீழே. ஊராட்சிப் பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவைத்துத் தேர்தல் முடிந்ததும் மொத்தமாக விடட்டும், வெட்டுவதென்றால் மாநிலத்துக்கு வரும் வேறு மானியத்தில் வெட்டட்டும்.

டெல்லியிலிருந்து வந்த பணம் சென்னையில் தங்கிவிட்டால்?

வந்து சேர்ந்த 10 வேலை நாளுக்குள் மாநிலம் அதை உள்ளாட்சிகளுக்கு அனுப்பியாக வேண்டும், தாமதித்தால் வட்டி சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது விதி. மத்திய அரசு விடுவித்த தேதியையும் உங்கள் ஊராட்சிக் கணக்கில் வரவான தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு கிராம சபையில் கேளுங்கள். வட்டி எங்கே என்றும் சேர்த்துக் கேளுங்கள்.