ஜெர்மனியில் படர்தாமரை: கேள்வி பதில்

கேள்வி: ஜெர்மனியில் ஆண்டுக்கு எத்தனை பேருக்குப் படர்தாமரை வருகிறது?

பதில்: சரியான எண்ணிக்கை கிடையாது. 2001-இல் நடைமுறைக்கு வந்த தொற்றுத் தடுப்புச் சட்டம் அரசுக்கு அறிவிக்கச் சொல்லும் நோய்களில் இது இல்லை. ஆய்வகங்களுக்கு வரும் தோல் செதில்களிலிருந்தே போக்கை அறிகிறோம்.

கேள்வி: முடிவெட்டிய பிறகு மகனின் பிடரியில் வட்டவட்டமாகச் செதில். என்ன காரணம்?

பதில்: இளைஞர்களிடம் இதை இப்போது அடிக்கடி காண்கிறோம். பக்கவாட்டை ஒட்ட வழிக்கும் இயந்திரத்தில் ட்ரைக்கோஃபைட்டன் டான்சுரன்ஸ் என்ற பூஞ்சை தங்கி, அடுத்தவர் தோலில் ஏறுகிறது. மல்யுத்த, ஜூடோ விரிப்புகளில் பரவுவதும் இதே பூஞ்சைதான். முடியின் வேருக்குள் இறங்கிவிட்டால் களிம்பு எட்டாது, மாத்திரை வேண்டும். செதிலையும் முடியின் அடிக்கட்டையையும் பரிசோதனைக்கு எடுக்கச் சொல்லுங்கள். அதற்குமுன் ஸ்டீராய்டு களிம்பைத் தொடாதீர்கள். சிவப்பு அடங்கும், பூஞ்சை வளரும், வட்டம் உருமாறிப்போய் மருத்துவரே தடுமாறுவார்.

கேள்வி: மகளின் கன்னத்தில் படர்தாமரை. வீட்டில் பூனை இல்லை, கினிப்பன்றிதான் இருக்கிறது.

பதில்: அதுவே காரணமாக இருக்கலாம். கினிப்பன்றியின் தோலில் புண்ணே தெரியாமலும் ட்ரைக்கோஃபைட்டன் பென்ஹாமியே என்ற பூஞ்சை இருக்கும். கால்நடை மருத்துவரிடமும் காட்டுங்கள். ஸ்டீராய்டு களிம்பு வேண்டாம்.

கேள்வி: கால்விரல் இடுக்கில் தோல் வெளுத்து உரிகிறது.

பதில்: சேற்றுப்புண்ணாக இருக்கலாம். இடுக்கை உலர்வாக வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மருந்துக்கு அடங்காத பூஞ்சைக்கு இந்தியாவைச் சுட்டும்படி 'இண்டோட்டினியே' என்று பெயர் வைத்தது இந்தியர்மேல் பழிபோடுவது ஆகாதா?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. 2020-இல் வந்த அந்தப் பெயரை ஆய்வாளர்கள் சிலரும் எதிர்த்தார்கள். எனக்கும் அது பிடிக்கவில்லை. நோயாளியின் ஊரைப் பார்த்து ஒதுங்கும் மனிதர்களை நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி: ஆனால் இந்தியாவிலிருந்து பரவியது உண்மைதானே?

பதில்: அங்கே பெருகியது உண்மை. ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் கடைகளில் தாராளமாகக் கிடைத்தது முக்கியக் காரணங்களில் ஒன்று. டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்து தாக்கும் நொதியின் மரபணு இந்தப் பூஞ்சையில் மாறியதால் அந்த மருந்து பலிப்பதில்லை. ஜெர்மனியிலும் கண்டறிந்திருக்கிறோம். ஆனால் இன்று ஜெர்மானியர் கால்களில் மிகுதியாக இருக்கும் ட்ரைக்கோஃபைட்டன் ரூப்ரமும் வந்தேறிதான். இலங்கையில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் அல்டோ காஸ்டெல்லானி 1910-இல் அதை விவரித்தார். ஐரோப்பாவில் அது வேரூன்றியது அந்த நூற்றாண்டில்தான். போரும் பயணமும் மூடிய காலணியும் அதைப் பரப்பின. அதை யாரும் 'இலங்கைப் பூஞ்சை' என்பதில்லை.

கேள்வி: வீட்டில் ஸ்டீராய்டு களிம்பு இருக்கிறது, தற்காலிகமாகப் பூசலாமா?

பதில்: மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். கூடாது.